கேமராவின் பங்கு

மீட்டிங்கில் மலர்விழியின் குரல் மறுபடியும் அறுந்தது. திரையில் சென்னை மேனேஜரின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து வாசற்படிக்கும் அலைந்தாள். திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்ததே பெரிது. இந்த நெட் அதற்கும் உலை வைத்துவிடும் போலிருந்தது.

குற்றவாளி யாரென்று அவளுக்குத் தெரியும். கூடத்து மூலையில் இருக்கும் கேமராதான். மஸ்கட்டுக்குப் போகும் முன் புருஷன் தென்னரசு தன் கையாலேயே மாட்டியது. "அங்கருந்து உங்களப் பாத்துக்கினே இருப்பேன்" என்றான். அன்றிலிருந்து அவள் கூடத்தில் நைட்டியோடு உட்கார்ந்ததில்லை, சாப்பிடும்போது காலை நீட்டியதில்லை. மாமியார் சவுரியம்மாளுக்கோ அது கேமராவே இல்லை, பிள்ளைதான். மீன் வாங்கினால் அதற்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ஆய உட்காருவாள். ஒரு மனுஷன் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தால் நெட் எங்கிருந்து போதும்? மலர்விழிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

நெட் இணைப்பு கொடுத்த கோபி வந்து, மோடத்திலிருந்து மடிக்கணினிக்கு நேராகக் கேபிளைச் செருகிப் பார்த்தான். வேகம் முழுசாக வந்தது. பிடுங்கிவிட்டு வைஃபையில் பார்த்தான். கால்வாசிகூட இல்லை.

"லைன்ல கோளாறு இல்லக்கா. மோடம்தான் பழசு. புதுசா டூயல் பேண்ட் ரூட்டர் போட்டுருங்க."

"மோடத்த வுடு. கேமராதான் எல்லாத்தையும் இழுக்குது. ஊட்டுக்காரரு நாள் பூரா பாத்துக்கினு இருக்காரு."

கோபி தன் போனில் மோடத்துக்குள் போய், எது எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தான். "அது உள்ள இருக்கிற கார்டுலதான் பதியுதுக்கா. யாராச்சும் போன்ல தொறந்து பாத்தாதான் நெட்ட இழுக்கும்." கொஞ்சம் தயங்கினான். "இந்த மாசம் யாரும் பாத்த மாதிரி தெரியல."

மலர்விழி சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பினாள். நல்லவேளை, மாமியார் காதில் விழவில்லை. அவளுக்கு நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? பார்க்கிறான் பார்க்கிறான் என்று எவ்வளவு திட்டியிருக்கிறாள். பார்க்கவில்லை என்பதை யாரிடம் சொல்லித் திட்டுவது?

மறுநாள் விழுப்புரம் கடையில் நாலு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா என்று பெட்டிகளை அடுக்கினார்கள். "ஊட்ல எத்தினி பேருங்க யூஸ் பண்ணுவீங்க?" என்ற கேள்விக்கு மூன்று விரலைக் காட்டிவிட்டு, ஒன்றை மடக்கிக்கொண்டாள்.

கோபி வந்து புதுசை மாட்டிவிட்டுப் போன சாயங்காலம் தென்னரசு கூப்பிட்டான்.

"நெட்டு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. நீங்க கேமராவுல பாக்குறீங்கதானே?"

"தெனம் பாத்துக்கினுதானே இருக்கேன்."

"இப்ப பாருங்க. நான் என்னா கலர் பொடவ கட்டிக்கினு இருக்கேன், சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இரு... சுத்திக்கினே இருக்குது. அங்க நெட்டு ஸ்லோ போலருக்கு."

புது ரூட்டரில் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

"பரவால்லைங்க, மெதுவாவே வரட்டும். நிக்கிறேன்" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மலர்விழி கேமராவுக்கு நேரே போய் நின்றாள்.