பத்தொன்பதாம் சேனலில் கொக்கு

காந்தம் ஒட்டவில்லை. லவோன் தட்டைத் துடைத்துப் பார்த்தாள், திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அடியில் காந்தம் வைத்த அந்த மூன்றடி ஆன்டெனா எழுந்து நிற்பேனா என்று மூன்றாவது முறையும் குப்புற விழுந்தது. கீழே உலோகம் இருக்க வேண்டும், பன் சுடுகிற பெரிய தட்டே போதும் என்று ரேடியோ கடைக்காரர் சொன்னதென்னவோ சரிதான். தட்டு அலுமினியம், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஐம்பத்தாறு வயதில், விரல் விறைக்கிற பிப்ரவரிக் காலையில், அதுவா ஞாபகத்துக்கு வரும்?

மணி பத்தேகால். பதினொரு மணிக்கு ஓரின் லாரி நெடுஞ்சாலையில் கடந்து போகும்.

காரின் கூரை இருக்கிறதே என்று யாரும் கேட்கலாம். ஆறு படி இறக்கி, முழங்கால் பனியில் ஆர்விட்டைக் கார்வரை யார் கூட்டிப்போவது? நவம்பரில் பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால் இரண்டும் போயின. அவற்றோடு பேச்சும் போயிற்று. நெப்ராஸ்காவின் எண்பதாம் நம்பர் நெடுஞ்சாலையில் முப்பது வருடம் லாரி ஓட்டியவன் ஆர்விட். ஆறடி நான்கு அங்குலமும் நீளக் கழுத்துமாக இருந்தவனுக்கு, லாரிக்காரர்கள் ஓடுகிற வண்டியிலிருந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற ரேடியோவில் கொக்கு என்று பெயர். ஒமாஹாவிலிருந்து வயோமிங் எல்லைவரை கொக்கின் வாயைத் தெரியாத டிரைவர் கிடையாது. போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது, எந்தக் கடையில் காப்பி கழுநீராக இருக்கிறது, எவன் மாமியார் வீட்டுக்குப் பயந்து சுற்றுவழியில் போகிறான், எல்லாம் அவன் வாயில் வரும்.

வீட்டில் ஆன்டெனா வைக்க லவோன் ஒருநாளும் விட்டதில்லை. "வாரம் பூரா ரோட்டுல கத்துற. வீட்டுலயாவது அந்த வாயைக் கொஞ்சம் மூடேன்" என்பாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஓரின் போன் செய்தான். ஆர்விட்டின் பழைய கூட்டாளி, எப்போதும் நிதானமாக ஓட்டுவதால் வெல்லப்பாகு என்று பெயரெடுத்தவன். "புதன்கிழமை உங்க ஊரு வழியாத்தான் போறேன். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணும், இறங்க முடியாது. செட்டை மாட்டி வையி லவோன், போற வழியில அவன்கிட்ட பத்து நிமிசம் வாயடிச்சுட்டுப் போறேன். பய இன்னுமா படுத்துக்கிடக்கான்?" என்றான். அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஆர்விட் இடக்கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினான். "தொண்டை கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். மூன்று மாதமாக யார் கேட்டாலும் அவள் சொல்கிற பொய்தான்.

அன்றிலிருந்து ஆர்விட் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினான். கொக்கு. அந்த ஒரு வார்த்தை போதும். "கொ" வரும், பிறகு இன்னொரு "கொ" வரும், அதற்கு மேல் கதவு அடைத்ததுபோல நின்றுவிடும். செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு தடவை முழுசாக வந்தது. லவோன் சமையலறையில் நின்று கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

அதனால்தான் இந்தப் பாடு. கடைசியில் கொல்லையில் குப்பை எரிக்கும் இரும்புப் பீப்பாயைப் பார்த்தாள். உள்ளே உறைந்திருந்த சாம்பலைக் கம்பியால் குத்திக் கொட்டி, பனியில் உருட்டி, ஜன்னலுக்கு நேரே கிடந்த தோட்டத்து மேசைமேல் கவிழ்த்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. காந்தம் 'டப்'பென்று கவ்விக்கொண்டது. ஒயரைச் சுருட்டி வைக்கக் கூடாது, ஆன்டெனாவைச் சொருகாமல் மைக் பட்டனை அமுக்கினால் செட் கருகிவிடும் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஒயரை நேராக இழுத்து ஜன்னல் வழியே உள்ளே விட்டு, சந்தில் பழைய துண்டைத் திணித்து, செட்டில் திருகினாள். சுவர்க் கரண்டை பேட்டரிக் கரண்டாக்குகிற பெட்டியும் கடைக்காரர் கொடுத்ததுதான்.

பத்து ஐம்பதுக்கு செட் இரைந்தது. பத்தொன்பதாம் சேனல், டிரைவர்களின் சேனல். யாரோ யாரையோ முட்டைக்கோசு என்று கூப்பிட்டான். ஆர்விட்டின் முகத்தில் பாதி சிரித்தது. சவரம் செய்துகொண்டு, கட்டம் போட்ட நல்ல சட்டையில் உட்கார்ந்திருந்தான். மைக் இடக்கையில்.

பதினொன்று ஐந்துக்குக் குரல் வந்தது. "கொக்கு, டேய் கொக்கு! வெல்லப்பாகு பேசுறேன். உங்க ஊரு தானியக் கிடங்கு தெரியுதுடா. கேக்குதா?"

ஆர்விட் பட்டனை அமுக்கினான். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அமுக்கியிருக்கும்வரை நாம் பேசுவது போகும், மற்றவர் பேசுவது நமக்குக் கேட்காது. அக்கம்பக்கத்தில் வேறு யாரும் பேசவும் முடியாது. சேனல் முழுக்க நம் கையில். முப்பது வருடம் அதை ஆண்டவன் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "கொ... கொ..."

லவோன் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் முழுசாக ஒரு நிமிடம் போயிற்று. அவன் விரலை எடுத்தான்.

செட் வெடித்தது. "எந்த முட்டாள்டா பட்டன்மேல உக்காந்திருக்கான்?" என்று ஒருவன். "யாரோ கோழிய லாரியில ஏத்தியிருக்கான்பா. கொக்கொக்கோ!" என்று இன்னொருவன். சேனலே சிரித்தது. அதற்கு நடுவில் ஓரின், "அட, யாரா இருந்தாலும் விடுப்பா. என் கூட்டாளி வீடு இங்கதான், உடம்பு முடியாம இருக்கான். ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன். கொக்கு, வாடா!"

ஆர்விட் மறுபடியும் அமுக்கினான்.

"குடு ஆர்விட். நான் சொல்றேன், உனக்காக நான் பேசுறேன்" என்று லவோன் கையை நீட்டினாள். அவன் தலையை ஆட்டினான். மூன்று மாதமாக அவனுக்காக எல்லாரும்தான் பேசுகிறார்கள்: டாக்டர், மகள், பாதிரியார், அவள். அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். லாரி நிமிடத்துக்கு ஒரு மைல் போகும். இந்தக் குட்டி ஆன்டெனாவுக்கு எட்டுவது ஐந்தாறு மைல். வியர்வை அவன் நெற்றியில் வழிந்தது. "கொ..." அவன் விரலை எடுக்கவில்லை, எடுத்தால் தோற்றதாகிவிடும் என்பதுபோல.

எட்டு நிமிடம் போனபின் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஸ்டியரிங் பிடித்த கை, லேசில் வருமா? ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டன் விடுபட்டதும் ஓரினின் குரல் இரைச்சலுக்குள் நூலாகக் கேட்டது. "...நாசமாப் போறவன், கடைசி வரைக்கும் விடல பாரு. சரிடா கொக்கு, நீ தூங்குற போல. அடுத்த..." பிறகு வெறும் இரைச்சல்.

"ஓரின்! ஓரின், நான் லவோன்! அது அவருதான்!" அவள் கத்தினாள். பட்டனை விட்டுக் கேட்டாள். மறுபடி கத்தினாள். பதில் இல்லை.

"அம்மா, பாகு தாண்டிப் போயிட்டாரு, உங்க சத்தம் அவருக்கு எட்டாது. நான் பின்னாலதான் போறேன், சொல்லிடுறேன். என்ன சொல்லணும்?" நெருக்கத்தில் ஒரு குரல். கோழி என்று சொன்ன அதே குரல்.

"கோழின்னு சொன்னீங்களே தம்பி, அது என் வீட்டுக்காரரு. கொக்கு. அவருக்கு வாதம் வந்து பேச்சு போச்சு. பேரைச் சொல்லத்தான் பார்த்தாரு. அதைச் சொல்லுங்க."

பிறகு அந்த ஆள், "மன்னிச்சிடுங்கம்மா" என்றான். அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். கிழக்கே போகிறவன், மேற்கே போகிறவன், பெயர் தெரிந்தவன், தெரியாதவன். எல்லாருடைய குரலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலாக மாறியிருந்தது. "நல்லா ஆயிடுவீங்க, கொக்கு." "உங்களுக்காக ஜெபம் பண்றோம் ஐயா."

ஐயா! கொக்கை அந்தச் சேனலில் எவனும் ஐயா என்றதில்லை.

"அம்மா, இருங்க இருங்க" என்றான் மன்னிப்புக் கேட்ட ஆள். "பாகு லைன்ல வந்துட்டாரு. அவரு சொல்றது உங்களுக்குக் கேக்காது, நானே சொல்றேன். அவரு என்ன சொல்றாருன்னா..."

ஆர்விட் இடக்கையை நீட்டிச் செட்டை அணைத்தான்.

திட்டியபோது அணைக்காதவன். கோழி என்று கேலி செய்தபோதும் மறுபடி பட்டனை அமுக்கியவன்.

"ஓரின் ஏதோ சொன்னானாம் ஆர்விட். என்னன்னு கேக்க வேண்டாமா?" என்றாள் லவோன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கை செட்டின் குமிழ்வரை போயிற்று. திருகத் துணிவு வரவில்லை.