பின் சீட்டில் ஆளிருந்தால் வரும் சத்தம்

திரேசம்மா இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தாள். மாத்தளை டவுனிலிருந்து தினமும் காரில்தான் போய் வந்தாள். கார் என்றால் பதினாறு ஸ்ரீ நம்பர் பழைய ஜப்பான் வேகன். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும், ஹோர்ன் ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. ஆனாலும் மலையில் ஒரு தடவையும் அவளை நிறுத்தியதில்லை. புருஷன் செபஸ்தியனுக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. எங்கே போனாலும் முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சத்தம் முதலில் வந்தது உறவினர் வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை. பின் சீட்டில் செபஸ்தியனின் தங்கை கெத்தரினும் அவள் புருஷன் கிறிஷாந்தும் இருந்தார்கள். கிறிஷாந்துக்கு டவுனில் பேக்கரி. ஆள் நல்ல பாரம். அவர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தபோதே வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

ஏற்றத்தில் அடியிலிருந்து கறகறவென்று ஏதோ அரைபடுகிற மாதிரிக் கேட்டது. காலை எடுத்தால் 'டங்' என்று ஒரு தட்டு. அப்புறம் அமைதி. மறுபடி மிதித்தால் மறுபடி கறகற.

"பின் சில்லுதான்" என்று சக்கரத்தைச் சொன்னாள் கெத்தரின்.

"சில்லு இல்ல. கியர்பொக்ஸ்" என்றார் கிறிஷாந்த்.

"எனக்கு ஒன்னும் கேக்கல" என்றார் செபஸ்தியன்.

திரும்பி வரும்போது சத்தம் கூடிவிட்டது. திரேசம்மாவுக்கு உள்ளுக்குள் பயம். மழை வேறு தொடங்கப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து கெத்தரின் முன்னுக்குச் சாய்ந்து அவள் காதோரம் சொன்னாள்: "அண்ணி, நீங்க கிளச்சுல காலை வச்சிக்கிட்டே ஓட்டுறீங்க. பொம்பளைங்க ஓட்டுற வண்டியெல்லாம் கடைசியில இப்படித்தான் ஆகுமாம்."

திரேசம்மா வேகத்தைக் குறைத்தாள். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினாள்.

"அப்ப நல்லா ஓட்டுற ஆம்பளை ஓட்டுற பஸ்ஸுல வாங்க" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்து யாரும் அசையவில்லை. அவள் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். பிறகு கெத்தரின் இறங்கினாள். கிறிஷாந்தும் இறங்கினார். செபஸ்தியன் தங்கையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்காமலே இருந்துவிட்டார். கார் கிளம்பியது. வீடு வரும்வரை ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஒரே ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், வீடுகள், ஒரே கோவில். பூசையில் ஒருவர் வலது பக்க வாங்கில், மற்றவர் இடது பக்க வாங்கில். பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சத்தமும் வரவில்லை. திங்கட்கிழமை பாடசாலைக்குப் போகும்போது திரேசம்மா ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்து ஓட்டினாள். ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுவதும் ஒன்றும் இல்லை. ஆனால் வந்த சத்தம் தானாகப் போகாது என்று அவளுக்குத் தெரியும். வண்டியை ஹாஷிம் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனாள்.

ஹாஷிம் நானா அவசரப்படாத மனிதர். கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தானே ஓட்டி, மலையில் ஒரு துண்டு ஏறிவிட்டு வந்தார். "நல்லாத்தானே போகுது டீச்சர்." ஜாக்கி வைத்துத் தூக்கி, சில்லு ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டினார். கீழே படுத்துத் தண்டுகளைத் திருகிப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. பின் அச்சின் நடுவில் இருக்கும் டிபரன்ஷலின் எண்ணெயை வடித்து, விரலில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை. புது எண்ணெய் ஊற்றி அனுப்பிவிட்டார்.

வீட்டில் செபஸ்தியன், "நான் அன்னைக்கே சொன்னேனே, எனக்கு ஒன்னும் கேக்கலன்னு" என்றார்.

"உங்களுக்கு அடுப்புல பால் பொங்குறதும் கேக்காது."

ஆனாலும் அவளுக்கே சந்தேகம் வந்தது. கோபத்தில் இருக்கும்போது சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்டிருக்குமோ? ஒரு நாள் பாடப்புத்தகக் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனபோது, ஒரே ஒரு வளைவில், மெலிதாக, கறகறவென்றது. திரும்பக் கேட்பதற்குள் நின்றுவிட்டது. அன்று பின்னேரமே மறுபடி கராஜுக்குப் போனாள்.

ஹாஷிம் நானா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "முதல்ல சத்தம் வந்த நாள் எத்தனை பேர் இருந்தீங்க?"

"நாலு பேர்."

"யார் எங்க?"

சொன்னாள். கிறிஷாந்தின் பெயரைச் சொன்னதும் அவர் சிரித்தார். "பேக்கரி முதலாளியா? அப்ப பாரத்துல வாற சத்தம். அதே ஆட்களக் கூட்டிட்டு வாங்க."

"மூட்டை ஏத்தினா காணாதா?"

"மூட்டை ஏத்தலாம். ஆனா எங்கேர்ந்து கேக்குதுன்னு மூட்டை சொல்லாது. நான் ஓட்டுறப்போ பின்னால காது வேணும். அன்னைக்கிக் கேட்டவங்கன்னா இன்னும் நல்லம். அதே சத்தம்தானான்னு சொல்லுவாங்க."

திரேசம்மா அதை இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டினாள். பாடசாலையில் வேறு ஆசிரியர்களைக் கேட்கலாம். ஆனால் அவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இல்லை. கேட்டது தன்னைத் தவிர உலகத்தில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரையும்தான் அவள் ரோட்டில் இறக்கிவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கெத்தரின் வீட்டு வாசலில் போய் நின்றாள். கெத்தரின் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லாமல் நின்றாள்.

"காருக்குச் சத்தம் வந்திச்சே, அது உனக்குக் கேட்டதுதானே?"

"கேட்டிச்சு."

"ஹாஷிம் நானா நம்ப மாட்டேங்கிறாரு. இல்ல, நம்புறாரு. ஆனா கேட்டாத்தான் கண்டுபிடிக்க ஏலும்னு சொல்றாரு. நாளைக்கு நீயும் கிறிஷாந்தும் வந்து பின்னால உட்காரணும்."

கெத்தரின் அவளையே பார்த்தாள். "நீங்க மன்னிப்புக் கேக்க வந்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

"அது வேற விஷயம். இது கார் விஷயம்."

உள்ளேயிருந்து கிறிஷாந்தின் குரல் வந்தது. "வாறோம்னு சொல்லு. எனக்கும் அது என்னான்னு தெரியணும்."

சனிக்கிழமை காலை ஹாஷிம் நானா ஓட்டுநர் சீட்டில் ஏறினார். முன்னால் வழக்கம்போல செபஸ்தியன். பின்னால் இடது பக்கம் கிறிஷாந்த், வலது பக்கம் கெத்தரின். நடுவில் மட்டுமே இடம் மிச்சம். திரேசம்மா தன் சொந்தக் காரின் பின் சீட்டில் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தாள். நடுவில் தரை மேடாக இருந்தது. அதன்மேல் காலை வைத்து, முழங்காலை மடக்கி, கெத்தரினின் தோளில் படாமல் ஒடுங்கி இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறத் தொடங்கியதும் சத்தம் வந்தது. கறகறவென்று, அப்படியே.

"இதுதான்" என்றாள் கெத்தரின்.

"இதுவேதான்" என்றார் கிறிஷாந்த்.

திரேசம்மாவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. கார் கெட்டுப்போனதில் யாருக்கும் சந்தோஷம் வராது. அவளுக்கு வந்தது.

"எங்கேர்ந்து?" ஹாஷிம் நானா கேட்டார்.

"சில்லு." "கியர்பொக்ஸ்." இருவரும் பழைய சொல்லை விடவில்லை.

"டீச்சர்?"

"எனக்குக் காதுல கேக்கிறத விட உள்ளங்கால்ல தெரியுது. இந்த மேட்டுக்குக் கீழ."

ஹாஷிம் நானா தலையாட்டினார். அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் கியரைக் கழற்றி உருளவிட்டார். சத்தம் இல்லை. "சில்லுன்னா கழட்டி விட்டாலும் கத்தும் தங்கச்சி. சில்லு சுத்திக்கிட்டுத்தானே ஈக்கி." மறுபடி ஏறினார். ஒரே வேகத்தில் இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் ஓட்டிக் காட்டினார். எஞ்சினின் குரல் மாறியது, கறகறப்பு அதே தாளத்தில் இருந்தது. "கியர்பொக்ஸ்னா கியர் மாத்தினா சத்தமும் மாறும். மாறல்ல."

"அப்ப என்ன?" கிறிஷாந்த் கொஞ்சம் ஏமாந்துபோன குரலில் கேட்டார்.

"இன்னொன்னு பாக்கணும். பின்னால இருக்கிற மூணு பேரும் இறங்குங்க. இதே ஏத்தத்துல பாரம் இல்லாம ஒருக்கா போய்ட்டு வாறேன்."

மூன்று பேரும் இறங்கினார்கள். செபஸ்தியன் முன் சீட்டில் கையைக் கட்டியபடியே வளைவில் மறைந்தார்.

தேயிலைச் செடிகளின்மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. காற்று குளிராக அடித்தது. கெத்தரின் சேலைத் தலைப்பைத் தோளில் சுற்றிக்கொண்டாள்.

"இந்தத் தடவை நீங்களும் இறங்கியாச்சு" என்றாள்.

கீழேயிருந்து ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறி வந்து கடந்து போனது. ஜன்னலோரத்துப் பெண்கள், நடுரோட்டில் காரும் இல்லாமல் நிற்கும் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கி பஸ் கிடைச்சிச்சா?" என்று கேட்டாள் திரேசம்மா.

"வந்த பஸ் நிறுத்தல. நடந்தோம்."

"மழையில?"

"மழையிலதான். இவருக்குச் செருப்பு அறுந்துபோச்சு. ஒரு செருப்போட நடந்தாரு. அப்புறம் ஒரு த்ரீவீல்காரன் ஏத்திக்கிட்டான்."

கிறிஷாந்த் தொண்டையைச் செருமினார். "அக்கா, அந்தக் கிளச் கதை நான் சொன்னது. போகும்போது இவ காதுல சொன்னேன். இவ அதை வச்சிருந்து வரும்போது உங்ககிட்டச் சொல்லிட்டா."

"யார் சொன்னா என்ன, சொன்னது என் வாய்தானே" என்றாள் கெத்தரின்.

மேலே எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கோவம் வந்தது பிழையில்ல" என்றாள் திரேசம்மா. "ரோட்டுல இறக்கி விட்டது பிழை."

"தெரியும்" என்றாள் கெத்தரின்.

அவ்வளவுதான். அவள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கிறிஷாந்த் ஒரு தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்று துப்பினார்.

கார் மேலேயிருந்து இறங்கி வந்தது. ஹாஷிம் நானா கண்ணாடியை இறக்கி, "ஒரு சத்தமும் இல்ல. ஏறுங்க, விளங்கிட்டு" என்றார். ஏறினார்கள். ஏறிய கையோடு சத்தமும் ஏறிக்கொண்டது.

கராஜில் வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி, கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் கழற்றினார்கள். அதன் பின் முனையில் சிலுவை வடிவத்தில் ஒரு மூட்டு. அதன் நான்கு கைகளில் ஒன்றின் மூடியைத் தட்டி எடுத்தபோது, உள்ளே ஊசி ஊசியாக உருள வேண்டிய துண்டுகள் உருளவே இல்லை. பாதி உடைந்து, மிச்சம் செங்கல் தூள் மாதிரிச் சிவந்து உதிர்ந்தது. ஹாஷிம் நானா அதை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

"இடது பக்க ஸ்பிரிங் வில்லுல இருக்கிற ரப்பரும் நசுங்கிட்டு. பின்னால ஆள் ஏறினா அச்சு ஒரு பக்கமாச் சரியும். அப்ப இந்த மூட்டு வளைஞ்சி சுத்தணும். நேரா இருக்கிறப்போ இது தன் கோளாறக் காட்டிக்காது. அதனாலதான் நான் படுத்துத் திருகிப் பாத்தப்பவும் அகப்படல்ல. என்ட பிழையும் ஈக்கி, மூடியைத் தட்டிப் பாத்திருக்கணும்."

"எதனால இப்படி ஆகுது நானா?" என்று கேட்டாள் திரேசம்மா.

"கிறீஸ் காஞ்சா ஆகும். வயசு." கொஞ்சம் தயங்கினார். "கிளச்ச வெடுக்குன்னு விட்டு எடுக்கிறதாலயும் ஆகும். ஏத்தத்துல அப்படி எடுத்தா ஒவ்வொரு தடவையும் இதுக்குத்தான் அடி."

கெத்தரின் பக்கத்தில்தான் நின்றாள். கேட்காதவள் மாதிரிச் சுவரில் தொங்கிய டயரைப் பார்த்தாள்.

"சரி" என்றாள் திரேசம்மா. "அப்ப அதுவும்தான்."

"ஆனா நான் சொன்னது கிளச்சுல காலை வச்சிருக்கிறது" என்றாள் கெத்தரின், டயரைப் பார்த்தபடியே. "வெடுக்குன்னு விடுறதில்ல. அது வேற."

"அது வேறதான்" என்று ஹாஷிம் நானாவும் ஒத்துக்கொண்டார்.

புது மூட்டும் வில்லு ரப்பரும் கண்டியிலிருந்து வரவேண்டி இருந்தது. அந்த வாரம் திரேசம்மா பஸ்ஸில் போய் வந்தாள். கொழுந்துக் கூடையும் மரக்கறி மூட்டையுமாக நெரிசல். நின்றுகொண்டே மலை ஏறினாள்.

அடுத்த சனிக்கிழமை வண்டி தயாரானது. பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்ததாகச் சொல்ல முடியாது என்றார் ஹாஷிம் நானா. இந்தத் தடவை கெத்தரின் வீட்டு வாசலில் அவள் நிற்கவில்லை. ஒழுங்கையில் காரை நிறுத்தி ஹோர்ன் அடித்தாள். கெத்தரின் வலது பக்கம் ஏற, கிறிஷாந்த் மாவு படிந்த காற்சட்டையோடு வந்து இடது பக்கம் ஏறினார். வண்டி முன்போல அந்தப் பக்கம் சாயவில்லை.

திரேசம்மா ஓட்டினாள். கிளச்சை எடுக்கும்போது மூன்று பேரும் தன் காலைப் பார்ப்பதுபோல் இருந்தது. மெதுவாக விட்டாள். ஏற்றம் வந்தது, வளைவு வந்தது. அடியில் சத்தமே இல்லை. எஞ்சினின் உறுமலும் தளர்ந்த ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பும் மட்டும். சத்தத்தைக் கேட்கத் தயாராக வந்தவர்களுக்கு இப்போது கேட்க ஒன்றும் இல்லை. பிறகு கிறிஷாந்த், தம்புள்ளையில் வெங்காய விலை ஏறியதைப் பற்றித் தொடங்கினார். செபஸ்தியன் பதில் சொன்னார்.

டவுனுக்கு இறங்கியதும் கெத்தரின், "அண்ணி, மார்க்கெட் பக்கம் ஒருக்கா நிறுத்துங்க. மீன் வாங்கணும்" என்றாள்.

நிறுத்தக் கூடாத இடம். திரேசம்மா எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினாள். கெத்தரின் இறங்கிப் போனாள். ஆள் வரவில்லை. போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து ஜன்னலில் குனிந்து சிங்களத்தில் எடுக்கச் சொன்னார். இதோ நாத்தனார் வந்துகொண்டிருக்கிறாள் என்று திரேசம்மாவும் சிங்களத்தில் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி சொன்னார். அவள் மறுபடி அதையே சொன்னாள்.

கடைசியில் கெத்தரின் இரண்டு பைகளோடு வந்து ஏறினாள். சாளை மீன் புதிது என்று சொன்னவனை நம்பவில்லையாம், செவுளைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாளாம். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. திரேசம்மா ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டு, கிளச்சை மெதுவாக விட்டு, பஸ் ஒன்றுக்குப் பின்னால் தெருவில் கலந்தாள்.