பிள்ளையார் சுழி போட்ட கொக்கி

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி வந்தால் யாராவது ஒருவர் கீழே நின்று பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் தரையடித் தொட்டியான சம்ப்பில் முக்கால்வாசி இறக்கியதும் குழாயை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். அன்று அந்த அபார்ட்மெண்ட்டில் நிற்கும் முறை ஹேமாவதியுடையது. நின்றபடி போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கோ தூரதேசத்தில் நடக்கும் போரின் படங்கள். அதிலும் ஒரு தண்ணீர் லாரி இருந்தது. அதன் தொட்டி வாய் பிளந்து கிடந்தது. சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் கேன்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் ட்ரோன் குண்டு போட்டது என்றும், அந்த வெடிப்பிலேயே ட்ரோனும் சிக்கி விழுந்தது என்றும் கீழே எழுதியிருந்தார்கள். அடுத்த படத்தில், ட்ரோனின் சிதறல்களை ஒரு போர்வைமேல் பரப்பி வைத்திருந்தார் ஒரு பெண் நிருபர். அதில் கறுப்பு நிறத்தில் ஒரு கொக்கி. கொக்கியின் மூலையில் ஏதோ குறி இருப்பதாகவும் அது எந்த மொழி என்று தெரியவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

ஹேமாவதி படத்தை விரல்களால் அகட்டிப் பெரிதாக்கினாள்.

அது அவளுடைய கொக்கி.

அந்தக் கொக்கி பிறந்தது கோவளத்தில். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் அவள் கரையில் நின்றிருந்தபோது, கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அலையில் இழுபட்டுப் போனார்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் பிடித்துக்கொள்ள எதையும் அவர்களிடம் கொண்டுபோய்ப் போட வழியில்லை. படகு போய்ச் சேர்வதற்குள் இரண்டு தலைகளும் காணாமல் போயிருந்தன. ஹேமாவதிக்குத் தாம்பரத்தில் ஒரு ட்ரோன் கம்பெனியில் வடிவமைப்பாளர் வேலை. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்கள். மருந்துத் தொட்டிக்குப் பதிலாக ஒரு மிதவை வளையத்தைத் தொங்கவிட்டால் என்ன என்று அன்றிரவே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தொங்கவிடுவது சுலபம். விடுவிப்பதுதான் கஷ்டம். ஒரு கதவின்மேல் முழு பலத்தோடு சாய்ந்துகொண்டு அதன் தாழ்ப்பாளை விலக்கிப் பாருங்கள், நகராது. பாரம் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதை மீறி இழுக்கப் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டாரைச் சுமந்தால் ட்ரோனால் மிதவையைச் சுமக்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு விடை அவளுடைய மதியச் சாப்பாட்டுக் கேரியரின் பக்கவாட்டில் இருந்தது. கேரியரின் கிளிப்பைக் கவனித்திருப்பீர்கள். கம்பி நடுக்கோட்டைத் தாண்டும் வரைக்கும் முரண்டு பிடிக்கும். தாண்டியதும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிரத் திறக்காது. ஆனால் விரல் நுனியால் அதைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நெம்பிவிட்டால், இழுக்கிற பாரமே அதைத் திறந்துவிடும். கட்டைவிரல் அளவு மோட்டார் போதும்.

கோவளத்தில் சோதனை செய்த நாளில் முகிலன் என்ற மீனவர் மூழ்குகிறவராக நடித்தார். அவர் போட்ட கூச்சலில் கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் நிஜமாகவே அலறிவிட்டார்கள். ட்ரோன் அவர் தலைக்கு மேலே நின்றது, கொக்கி திறந்தது, வளையம் அவர் கைக்கெட்டும் இடத்தில் விழுந்தது. ஹேமாவதி மணலில் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அதே கொக்கி ஒரு போர்வைமேல் கிடந்தது.

சம்ப்பு நிறைந்ததா என்றுகூடப் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

கீழ்க்கட்டளையில் சிட்டிபாபுவின் பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புது ஆர்டருக்கான கொக்கிகள் டப், டப் என்று கூடையில் விழுந்துகொண்டிருந்தன. இந்த ஊரிலேயே பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம் சிட்டிபாபுவுடையது. நிலத்தை விற்று இந்த மெஷினை வாங்கிப்போட்டவர்.

"இன்னா மேடம், காலைலயே மூஞ்சி ஒரு மாரி கீது? லாரிக்காரன் ஏமாத்திட்டானா?"

அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"நம்ம சுழி," என்றார்.

"ஆமாண்ணா."

அதில் சந்தேகப்பட இடமே இல்லை. கொக்கியை வார்க்கிற மோல்டு என்பது எஃகில் செய்த இரண்டு பலகைகள். எதிரெதிரே குழி தோண்டியிருக்கும். இரண்டையும் அழுத்தி மூடி, நடுவிலுள்ள வெற்றிடத்தில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி, ஆறியதும் திறந்தால் பொருள் விழும். எஃகில் பள்ளமாகச் செதுக்கியது பொருளில் மேடாக வரும், இடது வலதாகிவிடும். இது சிட்டிபாபுவுக்குத் தூக்கத்திலும் தெரியும். எண்களை எப்போதும் திருப்பித்தான் செதுக்குவார். ஆனால் பிள்ளையார் சுழியை அவர் செதுக்கலாகவே நினைக்கவில்லை. புது மோல்டுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, பில் புத்தகத்தின் தலையில் போடுகிற மாதிரி, பக்தியோடு நேராகவே ஒரு 'உ' போட்டுவிட்டார். கொக்கியில் அது திரும்பி நின்றது. அடைத்துவிடுகிறேன் என்று அவர் பதறியபோது, "பிள்ளையார் கண்ணாடி பாக்கறார், விடுங்கண்ணா" என்று சிரித்தவள் ஹேமாவதிதான்.

"இது இன்னா மேடம் லாரி? தண்ணி லாரியா?"

"தண்ணி பிடிக்க நின்னவங்கண்ணா. பொம்பளைங்க, பசங்க."

சிட்டிபாபு சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். மெஷின் நின்றது.

"ஆள காப்பாத்ற ஐட்டம்னு சொல்லித்தான மேடம் கற்பூரம் கொளுத்துனேன்? எத்தினி வாட்டி எம்பொண்டாட்டி கைல சொல்லி பெருமைப்பட்டுகினு இருந்தேன்! பேஜாராப் பூட்சே."

வாசலில் கார் வந்து நின்றது. கம்பெனி முதலாளி ஸ்ரீவத்சன், முதல் கூடையைப் பார்க்க வந்திருந்தார். மெஷின் நின்றிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். ஹேமாவதி அவருக்கும் படத்தைக் காட்டினாள். அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அவளை முதலில் அறைந்தது.

"நேத்தே பார்த்துட்டேன் ஹேமா. நாம டீலருக்கு வித்தோம், இந்தப் புது ஆர்டரும் அவருக்குத்தான். ரெஸ்க்யூ எக்யூப்மெண்ட்னு சொல்லித்தான் வித்தோம். அதுல அவங்க எதைத் தொங்க விடறாங்கன்னு நாம பின்னாடியே போய்ப் பார்க்க முடியுமா?"

"அந்த ஊர்ல கடல் எங்க சார் இருக்கு?"

"என்ன?"

"மேப்ல பாத்துட்டுதான் வரேன். கடலே இல்லாத நாடு. மிதவைக் கொக்கியைக் கூடை கூடையா எதுக்கு வாங்கறாங்க?"

"வெள்ளம் வராதா?"

"தண்ணிக்கு லாரி பின்னாடி நிக்கற ஊர்லயா?"

ஸ்ரீவத்சன் பொறுமையாகச் சிரித்தார். முதலீட்டாளர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "எமோஷனலாகாதே. உலகம் இப்ப எப்படிப் போகுதுன்னு பாரு. அந்த ட்ரோனோட விலை ஒரு ஸ்கூட்டர் விலை. அதைச் சுட்டு விழ வைக்க அவங்க விடற மிஸைல், உங்க மேடவாக்கத்துல ஒரு அபார்ட்மெண்ட் பிளாக்கையே வாங்கிடும். ஒரு ஸ்கூட்டரைத் தடுக்க ஒரு பிளாக்கு! எத்தனை நாளைக்குத் தாங்குவான்? இதுதான் எகனாமிக்ஸ். இன்னும் பத்து வருஷத்துக்கு ஆர்டர் வந்துட்டே இருக்கும்."

"லாரிகிட்ட நின்னவங்களுக்கு யாரு சார் மிஸைல் விட்டா?"

ஸ்ரீவத்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்களுக்காக யாரும் பிளாக்கு விலைல எதையும் விடல. ஸ்கூட்டர் விலைல வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. மலிவா இருக்கறதாலதான் சார் போடறாங்க! பெரிய குண்டுன்னா ஒரு தடவை யோசிப்பான். இது மலிவு. வரிசைல நிக்கறவங்க மேலகூடப் போடலாம். அதை மலிவாக்கினது யாரு? நான். சின்ன மோட்டார் போதும்னு கண்டுபிடிச்சேனே, நான்!"

அவள் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்ரீவத்சன் அவளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "சிட்டிபாபு, அந்த எழுத்தை மட்டும் அடைச்சு கிரைண்ட் பண்ணி எடுத்துடுங்க. அப்புறம் ரன் பண்ணுங்க."

"புள்ளையார அழிக்கச் சொல்றீங்களா சார்?"

"பார்ட் நல்லாத்தானே இருக்கு. குறி மட்டும்தான் ப்ராப்ளம்."

அவருடைய போன் அடித்தது. "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று குழைந்துகொண்டே வெளியே போனார்.

குறி மட்டும்தான் ப்ராப்ளம். ஹேமாவதி கூடையிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தாள். இத்தனை நாளும் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி உலகம் புரிந்த மாதிரி என்று நினைத்திருந்தாள். கொக்கியின் ஒவ்வொரு வளைவும் ஏன் அப்படி இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். அதை யார் வாங்குகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கூடையிலிருந்த கொக்கிகள் எல்லாம் அவளைப் பார்த்தபடி இருந்தன, திரும்பி நின்ற சுழியோடு.

சிட்டிபாபு துணியில் கையைத் துடைத்தார். மெஷினின் கதவு திறந்திருந்தது. மோல்டின் இரண்டு பலகைகளும் விலகி நின்றன. அவர் மேஜைமேல் கிடந்த போல்ட் முடுக்குகிற கெட்டியான ஆலன் கீ ஒன்றை எடுத்து, மெஷினின் விளிம்பில் வைத்தார்.

"நா டீ குட்ச்சிட்டு வரேன் மேடம். இங்க சாமானெல்லாம் அப்டியே கெடக்குது. எதுவும் மோல்டுக்குள்ள வுழுந்துடாம பாத்துக்கோ. பழைய மெஷினு. நடுவுல எதுனா மாட்டுனா தானா நிக்காது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

புது மெஷின்களில் அதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பலகைகள் சேரும்போது நடுவில் ஏதாவது தட்டுப்பட்டால் நின்றுவிடும். இதில் அது கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. மூடுகிற வேகத்தில் இது கொடுக்கும் அழுத்தம், நிறைந்த தண்ணீர் லாரிகள் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த பாரம். மோல்டின் எஃகு நல்ல எஃகுதான். ஆலன் கீயின் எஃகு அதைவிடக் கடினம்.

ஹேமாவதி கீயை எடுத்தாள். கொக்கியின் குழிக்குக் குறுக்கே, கேரியர் கிளிப்பிலிருந்து அவள் கற்றுக்கொண்ட அந்த வளைவின்மேல், உட்காரும்படி வைத்தாள். கதவை இழுத்து மூடினாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

பட்டறை அதிர்ந்தது. எஃகு எஃகைக் கடிக்கிற ஓலம். அவள் இன்னொரு முறை அழுத்தினாள். இன்னொரு முறை.

ஸ்ரீவத்சன் ஓடி வந்தபோது பலகைகள் விலகியிருந்தன. கொக்கியின் குழி இருந்த இடத்தில் ஆழமான தழும்பு விழுந்து, ஓரம் பிளந்திருந்தது.

"பைத்தியமா உனக்கு? என் மோல்டு அது! வேற எடத்துல ஒரே வாரத்துல புதுசு வரும், தெரியுமா? டிராயிங் என்கிட்ட இருக்கு!"

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கு இது?"

"இதுலேர்ந்து இனி வராது."

"ஆபீஸ் பக்கம் வராதே. வக்கீல் பேசுவார்." கார் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஒரு வாரம். அவர் சொன்னது பொய்யில்லை. வேறொரு பட்டறையில், சுழி இல்லாமல், அதே வளைவு மறுபடி பிறக்கும். அந்த நினைப்பு அவளுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த நிருபரின் முகவரியைத் தேடி எடுத்து, இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தாள். கொக்கி எப்படித் திறக்கிறது, எந்தக் கடற்கரைக்காகச் செய்தது, எந்தக் கம்பெனி விற்றது, இப்போது அடுத்த கூடைக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று முதலிலிருந்து, ஒன்றுவிடாமல். கீழே தன் முழுப் பெயர். ஓர் இடத்தில் மட்டும் விரல் நின்றது. அந்தக் குறி ஓர் எழுத்து, தவறுதலாகத் திரும்பிவிட்டது என்று எழுதியாகிவிட்டது. அதை எங்கள் ஊரில் எப்போது போடுவார்கள் என்று சொல்ல வேண்டும். நல்ல காரியம் எதையும் தொடங்கும் முன்பு, என்று அடித்தாள்.

சிட்டிபாபு இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். மோல்டைப் பார்த்தார். தழும்பை விரலால் தடவினார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்று போனை எட்டிப் பார்த்தார்.

"எம்பேரு வாணாம் மேடம். புள்ளைங்க கீது."

"போடலண்ணா."

அவர் டீயை உறிஞ்சினார். கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"சுழி திரும்பிக்கினது மட்டும் மோல்டு போட்டவன் தப்புன்னு எழுது. அது தெய்வ குத்தம்னு அந்தப் படம் போட்ட அம்மா நென்ச்சிடப் போவுது."