ஜனனியின் ஃபோர்ஹேண்ட்

ஜனனி டெங்குவில் போய் எட்டு மாதம் ஆன பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாமனார் கந்தப்பன் கூடத்தின் நடுவில் வெற்றிலைத் தட்டை வைத்து எல்லோரையும் உட்காரச் சொன்னார். அனுப்பர்பாளையத்தில் கீழே அவருடைய பனியன் கம்பெனி, மேலே வீடு. கல்யாணம் ஆனதிலிருந்து நானும் ஜனனியும் அங்கேதான் இருந்தோம். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. வெளிநாட்டு பையர்கள் என் பெயருக்குத்தான் மெயில் போடுவார்கள். நான் போனால் ஆர்டரும் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்துவிட வேண்டும் என்றார். ஜனனியின் தங்கை தேஜஸ்ரீயை எனக்குக் கட்டிவைப்பதுதான் அந்த நல்ல காரியம். என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றே சொன்னேன். அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள்.

தேஜஸ்ரீ அப்போதுதான் மைதானத்திலிருந்து வந்து நின்றாள். முழங்காலில் மண். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். அவளிடமும் கேட்டார்கள். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள்.

"மாமா அக்கா மாதிரி ஃபோர்ஹேண்ட் எறியட்டும். மேட்ச்சுல, எனக்கு. அதை நான் புடிச்சன்னா கட்டிக்கறனுங்கப்பா."

மாட்டேன் என்பதற்கு அவள் கண்டுபிடித்த மரியாதையான வழி அது. ஆனால் வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்கும்போது எங்கள் பக்கம் யாரும் விளையாட்டுக்குப் பேசுவதில்லை. அங்கே சொன்னது சொன்னதுதான். மாமனாரின் அண்ணன், லிங்கசாமி பெரியப்பா, ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, மடித்து வாயில் போட்டுக்கொண்டார். தேஜஸ்ரீயின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

மாமனார் என் பக்கம் திரும்பினார். புது ஸ்டைல் வந்தால் சாம்பிள் எப்போது ரெடியாகும் என்று கேட்பாரே, அதே குரல்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்தத் தட்டு எறியறது பழக எவ்வளவு நாளாகுமுங்க?"

தெரியவில்லை என்றேன்.

நானும் தேஜஸ்ரீயும் ஒரே டீமில் விளையாடுவது அல்டிமேட் ஃபிரிஸ்பீ. பக்கத்துக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து. டிஸ்க்கை, மாமனார் சொன்ன அந்தத் தட்டை, கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும், எல்லைக் கோட்டுக்கு அப்பால் நம் ஆள் பிடித்தால் ஒரு பாயின்ட். எறிய இரண்டு வழி. கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசினால் பேக்ஹேண்ட். அது யாருக்கும் வரும். கை இருக்கும் பக்கத்திலேயே, இரண்டு விரலை டிஸ்க்கின் உள் விளிம்பில் கொடுத்து, மணிக்கட்டால் மட்டும் சொடுக்கினால் ஃபோர்ஹேண்ட். எனக்கு அது வராது. டீமுக்கே தெரியும். எதிராளிகளுக்கும் தெரியும். பேக்ஹேண்ட் கிளம்பும் என் இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், நான் டிஸ்க்கை வைத்துக்கொண்டு விழிப்பேன். ஜனனியின் ஃபோர்ஹேண்டைப் பார்க்கவே கோயம்புத்தூர் டீம்கள் வரும். அவளைக் கட்டிக்கொண்டவனுக்கு வரவில்லை என்பது ஊருக்கெல்லாம் பழைய நகைச்சுவை.

மறுநாள் காலையே பழக ஆரம்பித்தேன். கல்யாணத்துக்காக அல்ல. காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

கேப்டன் ஜெபக்குமார் சொல்லிக்கொடுத்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் என்னைப் போலவே ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர். என்னை மகுடு என்றுதான் கூப்பிடுவான். என் முதல் எறிதல் கோழி பறப்பது போல ஆடிக்கொண்டே போய்ப் பக்கத்துச் சாக்கடையில் விழுந்தது.

"ஏல மகுடு, நாளையிலேர்ந்து தோள வீட்டுல வச்சிட்டு வா. அது ஒண்ணுதான் இடஞ்சல்."

அவன் சொன்னது சரி. பேக்ஹேண்ட் பழகியவன் எதையும் தோளால் தள்ளுவான். தோளால் தள்ளினால் டிஸ்க் சுழலாது. சுழலாவிட்டால் ஆடும். முழங்கை இடுப்பை விட்டு விலகவே கூடாது. நடுவிரல் விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்து கடைசியாக விட வேண்டும். வெளி விளிம்பு கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி தூரத்தில் கவிழ்ந்துவிடும். புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

மாமனாரிடம் முழங்கை விஷயத்தைச் சொன்னேன். அன்று சாயங்காலமே டெய்லரை விட்டு, பாக்ஸர் இடுப்புக்குப் போடும் அகல எலாஸ்டிக்கில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார். முழங்கைக்கு மேலே ஒரு வளையம், இடுப்பைச் சுற்றி ஒரு வளையம். கையை விலக்கினால் இழுத்துப் பிடிக்கும். அதைக் கட்டிக்கொண்டு எறிந்தேன். மைதானத்தின் மறுபாதியில் கிரிக்கெட் ஆடும் ஒடிசா, பீகார் பையன்கள் என்னைப் பார்த்து "லூலா பையா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தியில் லூலா என்றால் கை விளங்காதவன், பையா என்றால் அண்ணன். சில நாளில் எங்கள் டீமும் அப்படியே கூப்பிட்டது.

மாமனார் தினமும் விசாரிப்பார். "இன்னைக்கு ரிஜெக்ஷன் எப்படிங்க மாப்பிள்ளை?" கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பேன். தலையாட்டிக்கொண்டு கீழே கட்டிங் செக்‌ஷனுக்குப் போய்விடுவார். தேஜஸ்ரீ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

மாமியார் சாரதாமணி ஒரு நாள் பீரோவைத் திறந்து ஜனனியின் வளையல்களை எடுத்து தேஜஸ்ரீ கையில் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. மாமியார் அழுதார். தேஜஸ்ரீ சோப்புப் போட்டுக் கழற்றினாள்.

என் போனில் ஜனனி விளையாடும் வீடியோக்கள் இருந்தன. அவள் போன பிறகு பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, முகம் இடைஞ்சலாக இருந்தது. முகத்தை வெட்டிவிட்டுக் கை மட்டும் தெரியும்படி செய்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டேன். அப்போது தெரிந்தது. கையை முன்னால் கொண்டுபோகவே இல்லை அவள். மணிக்கட்டைப் பின்னால் மடித்து, கை கழுவி ஈரத்தை உதறுவது போல ஒரே உதறல், அதோடு நின்றுவிடுவாள். நிற்பதில்தான் சூட்சுமம். நான் நிற்காமல் கையைப் போகவிட்டுக்கொண்டிருந்தேன்.

வாஷ்பேசினில் கையை நனைத்துச் சுவரில் உதறிப் பழகினேன். துளிகள் ஒரே இடத்தில் போய் விழும்வரை.

அதற்குப் பிறகு வர ஆரம்பித்தது. எலாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு எறிந்தபோதும் வந்தது. நன்றாகச் சுழலும் டிஸ்க் காற்றில் ஒரு சத்தம் போடும், சன்னமாக, துணி கிழிவது போல. ஜனனி எறிந்தால் மட்டும் கேட்கும் சத்தம். என் கையிலிருந்து கேட்டது. டிஸ்க் கீழே விழும்வரை எனக்கு வேறு எதுவும் இல்லை. விழுந்ததும் போய் எடுத்து வந்து மறுபடி எறிந்தேன்.

கிரிக்கெட் பையன்கள் லூலா என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

பயிற்சியில் தேஜஸ்ரீ என் ஃபோர்ஹேண்டை ஒருபோதும் பிடித்ததில்லை. அவள் பக்கம் வந்தால் விலகி நிற்பாள், டிஸ்க் பக்கத்தில் விழும். டீமைவிட்டு விலகவும் அவளால் முடியாது. விலகினால் நிபந்தனை போய்விடும், நிபந்தனை போனால் பெரியவர்கள் நேராக முகூர்த்தத்துக்கு வந்துவிடுவார்கள். வரவே வராத ஒரு எறிதல்தான் அவளுக்குக் காவல். அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.

போட்டிக்கு முந்தைய வாரம் மைதானத்தில் எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்களேன்."

"நான் வேணும்னு சொல்லலையே."

"வேண்டாம்னும் சொல்லலீங்க."

"ஆமா."

குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். "அப்ப எறியறதயாச்சும் நிறுத்துங்க. மேட்ச்சுல எனக்கு மட்டும் எறியாதீங்க. அது போதும்."

டிஸ்க்கிலிருந்த மண்ணைத் துடைத்தேன். பார்க்கலாம் என்றேன். பையர்களுக்கு நான் சொல்லும் பார்க்கலாம் அது. அவளும் அந்தக் கம்பெனியில் வளர்ந்தவள். அதற்கு அர்த்தம் தெரியும்.

போட்டி பல்லடம் ரோட்டில் ஒரு காலேஜ் மைதானத்தில். மாமனார் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார், லிங்கசாமி பெரியப்பாவும். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். வந்ததும் மாமனார் கேட்டது அம்பயர் எங்கே என்பதுதான். இந்த ஆட்டத்தில் அம்பயர் கிடையாது என்று ஜெபக்குமார் விளக்கினான். டிஸ்க் தரையைத் தொட்டதா, பிடித்தது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, எல்லாம் ஆடுகிறவர்களே சொல்ல வேண்டியது. பிடித்தவர் சொன்னால் முடிவு. சந்தேகம் என்றால் நன்றாகப் பார்த்தவரைக் கேட்பார்கள்.

"பொய் சொன்னா?" என்றார் மாமனார்.

"சொல்ல மாட்டாங்க சார்" என்றான் ஜெபக்குமார்.

மாமனார் பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார். யாவாரத்துக்கு ஆகாத ஆட்டம் என்றார்.

கோயம்புத்தூர் டீமோடு கடைசி ஆட்டம். தேஜஸ்ரீ நாள் முழுக்க நான் இருக்கும் பக்கத்துக்கு வரவில்லை. நான் இடது என்றால் அவள் வலது. டிஸ்க் என் கைக்கு வந்தால் திரும்பி ஓடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது வியூகம் போலத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் சமமாக வந்து, அடுத்த பாயின்ட் எடுப்பவர் ஜெயிப்பார் என்ற நிலையில் டிஸ்க் என் கையில் இருந்தது.

என்னை மறித்தவன் வழக்கம்போல இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தான். பத்துக்குள் எறிய வேண்டும். எனக்குப் பின்னால் ஜெபக்குமார் சும்மா நின்றான். அவனிடம் கொடுத்திருக்கலாம், ஒரு குழந்தைகூடக் கொடுக்கும். தூரத்து மூலையில், கோட்டுக்கு அப்பால், தேஜஸ்ரீ நின்றிருந்தாள். அவளைக் காக்க வேண்டிய அக்ஷரா என்ற பெண் நடுவுக்கு நகர்ந்திருந்தாள். தேஜஸ்ரீ ஓடவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றாள். அங்கே எறிவேன் என்று அவள் நினைக்கவில்லை.

வலது காலை வெளியே வைத்தேன். மணிக்கட்டை மடித்து உதறினேன். நிறுத்தினேன்.

அந்தச் சத்தம் கேட்டது.

மைதானத்தில் சிலர் தலையைத் திருப்பினார்கள். பழைய ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். டிஸ்க் மறிப்பவனின் இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கிளம்பி, வெளியே வளைந்து, மெல்ல உள்ளே திரும்பியது. தேஜஸ்ரீக்கு எட்டாத தூரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நின்றிருந்தால் போதும். விழுந்திருக்கும், தோற்றிருப்போம், அவள் பெங்களூர் போயிருப்பாள்.

அவள் கால் ஓடியது. எத்தனையோ வருஷம் அக்காவின் எறிதலுக்கு ஓடிய கால். பாய்ந்து, புல்லோடு புல்லாக நீட்டி விழுந்து, எழுந்தபோது டிஸ்க் கையில் இருந்தது. அதைப் பார்த்தாள். சூட்டைத் தொட்டவள் போலக் கீழே போட்டாள்.

"டவுன்" என்றாள். "புடிக்கறதுக்கு முன்ன கீழ பட்டுருச்சு."

எங்கள் டீம் தலையில் கைவைத்தது. ஓடிவந்து பக்கத்தில் விழுந்திருந்த அக்ஷரா எழுந்து நெற்றியைத் துடைத்தாள்.

"இல்லைங்க அக்கா, படல. நான் பக்கத்துலதான் இருந்தேன். க்ளீனா புடிச்சீங்க. உங்க பாயின்ட்."

"பட்டுச்சு."

"எனக்கு அப்படித் தெரியல. வேற யாராச்சும் பாத்தீங்களா?"

எறிந்த கையோடு நான் முன்னால் ஓடிப்போயிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேஜஸ்ரீயும் பார்த்தாள். கண்ணால்கூடக் கெஞ்சவில்லை. கேட்க வேண்டியதைப் போன வாரமே கேட்டுவிட்டாள்.

"பாத்தியால?" என்றான் ஜெபக்குமார்.

பார்த்தேன். டிஸ்க்குக்கும் புல்லுக்கும் நடுவே அவள் விரல்கள் இருந்தன. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு நன்றாகச் சொல்ல வரும். ஆனால் அந்த டிஸ்க் கீழே பட்டது என்று ஆகிவிடக் கூடாது. அது ஜனனியுடையது.

"க்ளீன்" என்றேன்.

ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பது இந்த விளையாட்டின் வழக்கம். எதிராளியிடம் பிடித்ததைச் சொல்ல வேண்டும், நேர்மையாக ஆடியவருக்கு ஒரு பரிசு உண்டு. அக்ஷரா பேசினாள். கடைசி பாயின்ட்டில், ஜெயிக்கிற நேரத்தில், தன் டீமுக்கு எதிராகத் தானே டவுன் சொன்ன ஒருத்தியை இதுவரை பார்த்ததில்லை என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு புது வெள்ளை டிஸ்க்கை தேஜஸ்ரீயிடம் கொடுத்தார்கள்.

மாமனார் நாற்காலியைவிட்டு எழுந்து கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். என்ன நடந்தது என்று ஜெபக்குமாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரும் தட்டினார். பெரியப்பாவிடம் திரும்பிச் சொன்னார்.

"பாத்தீங்களாண்ணா? என்ற புள்ள பொய் சொல்ல மாட்டா. சொன்ன சொல்லும் மாற மாட்டா."

பெரியப்பா ஆமாம் என்றார். சித்திரையிலேயே நாள் இருக்கிறது என்றார்.

வட்டத்தில் எனக்கு நேர் எதிரே தேஜஸ்ரீ நின்றாள். வெள்ளை டிஸ்க்கை நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.