தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம்

ஒரு மனிதன் எவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள முடியும் என்று யாராவது கேட்டால், என்னையே காட்டுவேன். பெயர் கல்யாணராமன். தொண்ணூற்றொன்பதில் எனக்கு வயது நாற்பத்தாறு. கோபாலபுரத்தில் ஒற்றை அறை. ஆபீஸ் விட்டதும் அந்த அறைக்குப் போகப் பயம். பூட்டைத் திறந்தால் 'வந்துட்டியா' என்று கேட்க நாதியில்லை. அதனால் தினமும் தி.நகரில் ஒரு மாடி பிரவுசிங் சென்டரில், பலகைத் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவேன்.

சாட்டில் நான் அனிருத். முப்பது வயது, சிங்கப்பூரில் இன்ஜினீயர். வெட்கம் கெட்டவன்! ஸ்ரீலக்ஷ்மி மயிலாப்பூர்க்காரி. ஐந்து மாதமாக மாலை ஆறரைக்கு வருவாள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசுவோம். இரண்டு வாரம் அவளைக் காணாமல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

அன்று வந்து எழுதினாள்: "அம்மா போயிட்டா. பதிமூணாம் நாள் நேத்தோட முடிஞ்சது. எல்லாரும் கிளம்பிட்டா. தனியா ஆத்துல இருக்கப் பயமா இருக்கு."

எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. இனி இவளுக்கு என்னை விட்டால் யார்? "அழாதே, உனக்கு நான் இருக்கேன்" என்று உருகி உருகித் தட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தடுப்பில் ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள். நிம்மதியாக ஆறுதல் சொல்லக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று எரிச்சல். பலகையை ஓங்கித் தட்டினேன்.

"ஏம்மா, அழறதுன்னா வீட்டுக்குப் போய் அழுங்கோ. இங்க மனுஷா வேலை பார்க்க வேண்டாமா?"

விசும்பல் நின்றது. சற்று நேரத்தில் என் திரையில் வரி வந்தது: "பக்கத்துல ஒருத்தர் பலகையைத் தட்டித் திட்டறார். அழக்கூட இடமில்லை. போறேன்."

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது.

"இன்னாம்மா, அதுக்குள்ள கெளம்பிட்டே?" என்றார் கடைக்காரர் மெஹபூப் அலி.

அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சார், தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோங்கோ."

திரும்பியிருந்தால் அவளுக்குப் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கும். அனிருத் செத்திருப்பான். அப்புறம் நாளை ஆறரைக்கு நான் யாரோடு பேசுவது? அவசரமாக அவள் பெயரைத் திரையிலிருந்து மறைத்தேன்.

"பரவால்லம்மா, போங்கோ" என்றேன், திரும்பாமலே.