வலி நிற்கும்வரை தேய்க்க வேண்டிய களிம்பு

ஆசிட் வாங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. ஏன், எதற்கு என்று கேட்காமல் பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடியையே தின்னும் சனியன் என்பதால் கண்ணாடி பாட்டில் ஆகாது. அது கையில் பட்டால் தேய்க்கும் கால்சியம் களிம்பைக் கேட்டால்தான் மருந்துக் கடைக்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். ஒருவர் தீக்காய மருந்தை நீட்டினார். இன்னொருவர் சத்து மாத்திரையை நீட்டினார். அலைந்து அலைந்து கால் ஓய்ந்தபோது, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் ஒரே ஒரு ட்யூப் கிடைத்தது.

கண்ணாடியில் ஆசிட்டால் பூ பொறிக்கும் எங்கள் பட்டறைக்குத் திரும்பினால் அண்ணி கதவுக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொடியும் பூவும் பனி படிந்ததுபோல் அழகாக விழுந்திருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களிம்பு வராமல் ஆசிட்டைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

“நாளைக்கு மாட்ட வர்றாங்கடி. பழைய கேன்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு.”

“கையுறைய ஊதிப் பாத்தீங்களா?”

கையுறைக்குள் காற்றை ஊதி, வாயைத் திருகி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்போம். குமிழி வந்தால் குப்பைக்குப் போகும். பல் துலக்குவதுபோல் தினமும் செய்கிற வேலை அது.

“அசதியா இருந்துச்சு,” என்றாள்.

அவளுடைய ஆள்காட்டி விரல் நுனி வெளுத்திருந்தது.

“வலிக்குதா?”

“ஒண்ணுமில்ல.”

அண்ணிக்கு எல்லாமே ஒண்ணுமில்லதான். என் அண்ணன் செத்த அன்று, துக்கம் கேட்க வந்தவர்களிடமும் “ஒண்ணுமில்ல, உக்காருங்க” என்று நாற்காலி எடுத்துப் போட்டவள். இந்த ஆசிட்டும் அவளைப் போலத்தான். முதலில் காட்டிக்கொள்ளாது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கி எலும்பைப் பிடிக்கும்.

குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையை நீட்ட வைத்தேன். தண்ணீர் ஓடி ஓடி என் புடவையும் நனைந்தது. பிறகு நான் கையுறை மாட்டிக்கொண்டு களிம்பைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் தேய்த்தேன். வலி நிற்கும்வரை தேய்க்க வேண்டும். நின்றதா இல்லையா என்பதை அவள் வாய்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார். “வலி இருந்தா விரல்லயே மருந்து போடணும். விட்டா விரலுக்கே ஆபத்து. இருக்காம்மா?”

“இல்ல டாக்டர். பரவாயில்ல.”

அவர் ஊசியைக் கீழே வைக்கப் போனார். நான் குனிந்து பார்த்தேன். அண்ணியின் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

“பொய் டாக்டர்!” என்று கத்தியேவிட்டேன். “அண்ணன் போனப்பவும் இப்படித்தான் சொன்னீங்க அண்ணி. நாங்களும் நம்பி அவங்கவங்க வீட்டுக்குப் போய்ட்டோம். இப்ப நம்ப மாட்டேன். சொல்லுங்க.”

அண்ணி என்னை முறைத்தாள். பிறகு அவள் உதடு கோணியது.

“வலிக்குதுடி,” என்றாள். “ரொம்ப வலிக்குது.”

டாக்டர் மருந்தை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் விரலை மடக்கி நீட்டச் சொன்னார். வலி குறைந்து, மெல்ல நின்றும்விட்டது. இந்த முறை அவள் முகமே அதைச் சொன்னது. ஆனால் அழுகை மட்டும் நிற்கவில்லை. நர்ஸ் சமாதானப்படுத்த வந்தாள்.

“அழட்டும், விடுங்க,” என்று சொல்லிவிட்டு, நான் அண்ணி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.