ரோசம்மாவின் இடது கண்

மகளை அறைந்த மறுமாதமே அவளுடைய இடது கண் பிதுங்கத் தொடங்கியது. பொம்மிடிப் பக்கம் கடலைக்காடு வைத்திருந்த யாகப்பனுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று.

நடந்தது இவ்வளவுதான். டீக்கடைக்கு ஊற்ற வைத்திருந்த பால் தூக்கை ஏழு வயது ரோசம்மா காலால் இடறிக் கவிழ்த்துவிட்டாள். "கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பூசை நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் தன் வலது கையையே பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றும்.

அதே வருஷம், 1969இல், மெட்ராசுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கண் நரம்பு மூளைக்குப் போகும் எலும்புத் துளையைக் காட்டினார். இடப்பக்கத் துளை வலப்பக்கத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தது.

"நரம்புல கட்டி. மெதுவா வளர்றது. எலும்பு இவ்வளவு அகலணும்னா ரெண்டு மூணு வருஷமாவது ஆகியிருக்கும்."

"நான் அடிச்சதால வந்தது இல்லீங்களா?"

"அடிச்சா கட்டி வராதுப்பா."

மண்டையைத் திறந்து, கட்டியோடு நரம்பையும் வெட்டி எடுத்தார்கள். பிதுக்கம் வடிந்தது. அந்தக் கண்ணில் பார்வை முன்பே போயிருந்தது. வலது கண்ணுக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

யாகப்பன் படத்தைக் கேட்டு வாங்கி வந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், அவர்கள் கேட்காமலேயே, வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "பாருங்க, மூணு வருசத்துக்கு முந்தியே வந்த நோவு."

ஒரு நாள் கடலைத் தரகர் பச்சியப்பனிடம் காட்டிக்கொண்டிருந்தார். முறத்தோடு உட்கார்ந்திருந்த மனைவி பாக்கியமேரி நிமிர்ந்தாள்.

"அப்ப பாலக் கவுத்தப்பவே புள்ளைக்கு அந்தக் கண்ணு தெரியலீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை.

படம் பிடித்த கை இறங்கியது. தரகர் போனதும் யாகப்பன் மகளிடம் வந்து உட்கார்ந்தார்.

"தூக்கு இருந்தது உனக்குத் தெரியலயா சாமி?"

"இல்லப்பா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

ரோசம்மா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாருக்கும் அந்தப் பக்கம் இருட்டாத்தான் இருக்கும்னு நெனச்சேம்ப்பா."

அதற்குப் பிறகு அவர் படத்தை யாருக்கும் காட்டவில்லை. காட்டில் தனியாக இருக்கையில் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடப்பார். வரப்பு தடுக்கி விழுந்தாலும் கையை எடுக்கமாட்டார்.